குருப்பட்டமா, அபிஷேகமா, திருநிலைப்பாடா?

கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒரு பிள்ளை குருவாகும்போது, அழைப்பிதழில் ‘குருத்துவத் திருநிலைப்பாடு’ என்று அச்சிடுவார்கள். ஊரில் பேசும்போதோ ‘சாமிக்குப் பட்டம்’ என்பார்கள். சீர்திருத்த சபைகளில் ‘குருத்துவ அபிஷேகம்’ என்பது வழக்கு. ஆங்கிலத்தில் ஆர்டினேஷன் எனப்படும் ஒரே சடங்குக்குத்தான் இந்த மூன்று பெயரும். ஆனால் மூன்றும் ஒரே பொருளைத் தருவதில்லை.

பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் பொன்தகடு. பட்டத்து யானை, பட்டத்து அரசி எல்லாம் அதிலிருந்து வந்தவை. மோசேயின் அண்ணனும் இஸ்ரயேலரின் முதல் தலைமைக் குருவுமான ஆரோனின் தலைப்பாகையில், நெற்றிக்கு மேலே, ‘ஆண்டவருக்குப் புனிதமானது’ என்று பொறித்த பசும்பொன் தகட்டைக் கட்டச் சொல்கிறது விவிலியத்தின் விடுதலைப் பயணம் 28ஆம் அதிகாரம். அந்த வகையில் பட்டம் மிக அழகாகப் பொருந்திய சொல். ஆனால் இன்று பட்டம் என்றதும் பி.ஏ., எம்.ஏ. தான் நினைவுக்கு வருகிறது. மெய்யியலும் இறையியலுமாக ஆறு ஆண்டுப் படிப்பு குருமாணவருக்குக் கட்டாயம் என்பது உண்மை. ஆனாலும் படித்து முடித்ததால் குருத்துவம் யாருக்கும் உரிமையாகிவிடாது. கேட்டு வாங்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை என்பதே திருச்சபையின் போதனை.

எபிரேயச் சொல் இன்னும் ஆழமானது. குருவாக ஏற்படுத்துவதை அம்மொழி ‘கையை நிரப்புதல்’ என்கிறது. அந்தச் சடங்கின் பெயர் மில்லுயிம், அதாவது ‘நிரப்புதல்’. பழைய தமிழ் வேதாகமம் இதைப் ‘பிரதிஷ்டை’ என்று பெயர்த்தது. லேவியர் 8இல் சடங்கு முழுவதும் இருக்கிறது. ஆட்டுக்கிடாயின் இரத்தத்தை ஆரோனின் வலக் காதுமடல், வலக்கைப் பெருவிரல், வலக்கால் பெருவிரல் மூன்றிலும் மோசே பூசுகிறார். பிறகு கொழுப்பு, வலது தொடை, மூவகை அப்பங்கள் ஆகியவற்றை ஆரோன், அவர் புதல்வர்களின் கைகளில் வைக்கிறார். கை நிரம்புவது இப்போதுதான். அதன்பின் ஏழு நாள் அவர்கள் சந்திப்புக் கூடார வாயிலை விட்டு நகரக் கூடாது. நிரம்பிய கையில் இருப்பது எதுவும் அவருடையதல்ல, படைக்க வேண்டியது. பொறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொல் வேறு மொழியில் இருக்குமா என்பது ஐயமே.

இலத்தீனின் ‘ஓர்தோ’ உரோமையரின் ஆட்சி வழக்கிலிருந்து வந்தது. செனட்டர்கள் போல் ஒரு நிலையினர் சேர்ந்த குழாமுக்கு அந்தப் பெயர். ‘ஓர்தினாத்சியோ’ என்றால் அந்த நிலைக்குள் ஒருவரைச் சேர்ப்பது. ‘திருநிலைப்பாடு’ இதற்கு நேர் நிற்கும் தமிழ். தானாக ஏறிக்கொள்ளும் நிலையல்ல, பிறர் நிறுத்தும் நிலை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

‘அபிஷேகம்’ கவனத்தை எண்ணெயின் பக்கம் திருப்பிவிடுகிறது. எண்ணெய் பூசுவதால்தான் ஒருவர் குருவாகிறார் என்று நினைத்துப் பலர் தவறுவது இங்கேதான். கத்தோலிக்கச் சடங்கில் பெயர் சொல்லி அழைத்ததும் திருத்தொண்டர் (குருவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்) ‘இதோ இருக்கிறேன்’ என்று முன்வருவார். ‘இவர் தகுதியுள்ளவர் என்று அறிவீரா?’ என்று மறைமாவட்டத் தலைவரான ஆயர் கேட்பார். மக்களிடம் விசாரித்துத் தகுதி கண்டோம் என்று பதில் வந்த பின்பே தேர்வை அறிவிப்பார். வாக்குறுதிகள் முடிந்து, புனிதர் மன்றாட்டு மாலை பாடும்போது அவர் முகங்குப்புற விழுந்து கிடப்பார். பிறகு ஆயர் ஒரு சொல்லும் பேசாமல் அவர் தலைமேல் இரு கைகளையும் வைப்பார். அங்குள்ள குருக்களும் அப்படியே வைப்பார்கள். தொடர்ந்து ஆயர் திருநிலைப்பாட்டு மன்றாட்டைச் சொல்வார். குருவாவது இந்த இரண்டினால்தான். உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் என்ற புனித எண்ணெயைப் பூசுவதும், அப்பத் தட்டையும் கிண்ணத்தையும் கையில் கொடுப்பதும் அதற்குப் பிறகு வரும் விளக்கச் சடங்குகள். தட்டும் கிண்ணமும் கொடுப்பதே சாரம் என்று சில நூற்றாண்டுகள் கருதியவர்கள் உண்டு. கை வைத்தலே சாரம் என்று 1947இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அறுதியிட்டார்.

தரங்கம்பாடியில் 1733 டிசம்பர் 28 அன்று ஒரு தமிழர் முதன்முதலாக, சீர்திருத்த சபைகளில் ஒன்றான லுத்தரன் சபையின் குருவானார். அவர் பெயரும் ஆரோன்தான்.

அழைத்தலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘இந்தப் பிள்ளையைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டோம்’ என்பது பெற்றோரின் நேர்ச்சை. அதுவே இறையழைத்தல் ஆகாது. ஒருவரைக் கட்டாயப்படுத்திக் குருவாக்குவதைத் திருச்சபைச் சட்டம் 1026 அறவே தடுக்கிறது. குருவாக 25 வயது நிறைந்திருக்க வேண்டும், திருத்தொண்டரான பின் குறைந்தது ஆறு மாதம் கழிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம் 1031. மனத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்த அவகாசம்.

செய்திகளில் வரும் ‘குருப்பட்டம் பறிப்பு’ என்ற தொடரும் பிழை. குருவுக்குரிய பணியும் உரிமைகளும்தான் நீக்கப்படும், திருநிலைப்பாடு அழியாது. அப்படி நீக்கப்பட்டவரும், சாகக் கிடக்கும் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால், பாவமன்னிப்பு வழங்கலாம் என்கிறது சட்டம் 976.