வேப்பிலை கட்டிய வாசல்

வட சென்னையில் சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். போன கோடையில் ஒரு தெருவுக்குக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனபோது ஒரு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. “பேரனுக்கு அம்மை போட்டிருக்குது தம்பி. நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டா சரியாப்போயிடும்” என்றார் பாட்டி. சின்னம்மை. விசாரித்தால், அதே டியூஷனுக்குப் போகும் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. முதல் பிள்ளைக்கு வந்து மூன்று வாரம். எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

1920, 30-களில் இதே வேலையைச் செய்தவர்களை அன்று நினைத்துக்கொண்டேன். அப்போது அம்மை என்றால் உயிரைக் கொண்டுபோகும் பெரியம்மையும் உண்டு. நோயைப் பின்தொடர அவர்கள் பெரிதும் நம்பியது இறப்புப் பதிவேட்டை. கிராமங்களில் அதை எழுதியவர் ஊர் நிர்வாகத்தைப் பார்த்த கிராம முன்சீப், மருத்துவர் அல்ல. மலேரியாவோ டைபாய்டோ, பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். காலராவும் பெரியம்மையும் பார்த்தாலே தெரியும் என்பதால் ஓரளவு சரியாகப் பதிவாயின. அதுவும் ஆள் போன பிறகு!

கடலில் நிலைமை வேறு. ஐ.நா.வுக்கு முன்பு இருந்த நாடுகளின் அமைப்பான சர்வதேச சங்கம் (League of Nations) 1925-இல் சிங்கப்பூரில் ஒரு நிலையம் தொடங்கியது. பிளேக், காலரா, பெரியம்மை எங்கே எத்தனை பேருக்கு என்று ஆசியத் துறைமுகங்கள் வாராவாரம் தந்தி அனுப்பும். நிலையம் அதைத் தொகுத்து வானொலியில் அறிவிக்கும். கப்பல் கரை சேரும் முன்பே செய்தி சேர்ந்துவிடும். தெருவில் இருந்த நோய்தான் தெரியாமல் இருந்தது. சொன்னால் ஆளைத் தூக்கிப்போய்த் தனியே வைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு 1939-இல் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் சின்னம்மையும் இருக்கிறது. சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனால் ‘வெறும் சின்னம்மைதானே’ என்று கிளினிக்குகளில் விட்டுவிடுகிறார்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவும். கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆபத்தாகலாம். எங்களிடம் சொன்னால் யாரையும் தூக்கிப்போக மாட்டோம். அக்கம்பக்கத்தில் யாருக்குப் பாதுகாப்பு தேவை என்றுதான் பார்ப்போம்.

அந்தத் தெருவில் மூன்றாவது வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். சிறுவயதில் அம்மை வந்ததா என்று அவருக்கு நினைவில்லை. அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம்.

கிளம்பும்போது பாட்டி கேட்டார், “வேப்பிலைய எடுத்துடட்டுமா தம்பி?”

“வேணாம் பாட்டி, இருக்கட்டும். அதப் பாத்துத்தான் உள்ள வந்தேன்.”