ஈரம் காயட்டும், அப்புறம் ஆட்டை ஓட்டலாம்

சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கம் ஆவணியில் இரண்டு மழை விழுந்தால் போதும், பொட்டலாகக் கிடந்த மேய்ச்சல் காட்டில் பசும்புல் தலைகாட்டும். கோடை முழுக்கச் சருகைக் கடித்த செம்மறிகள் ஆவலாக மேயும். ஆனால் ஐப்பசி வாக்கில் அதே பட்டியில் சில ஆடுகள் நடையில் பின்தங்கும். சிலவற்றுக்குத் தாடைக்கடியில் பை போல நீர் கோத்துத் தொங்கும். வயிறாரப் புல் கிடைக்கிற காலத்தில் ஆடு ஏன் இளைக்கிறது?

ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழுதான் பெரும்பாலும் காரணம். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போல இருக்கும். ஆட்டின் நான்காவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழுவால் ஒரு நாளில் போவது சுமார் 0.05 மில்லி. ஆயிரம் புழு சேர்ந்தால் தினமும் 50 மில்லி! ரத்தத்தோடு புரதமும் போவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது.

பெண்புழு ஒன்று நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். அவை புழுக்கையோடு வெளியே வரும். கோடையில் புழுக்கை சுக்காகக் காய்ந்துவிட, முட்டைகளில் பெரும்பகுதி அழிந்துவிடும். மழை ஈரம் கிடைத்தால் பொரித்து, ஒரு வாரத்துக்குள் ஆட்டைத் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும்.

இந்தப் பருவம்தான் எனக்குத் தீராத வியப்பு. குட்டிப்புழு தன் பழைய தோலைக் கழற்றாமல் உறை போலப் போர்த்திக்கொள்கிறது. வறட்சியை ஓரளவு தாங்க அது உதவும். ஆனால் வாயும் மூடிப்போவதால் ஒன்றும் தின்ன முடியாது. உடம்பில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். வெயில் ஏறினால் துறுதுறுவென்று அலைந்து அந்தச் சேமிப்பைச் சீக்கிரம் தீர்த்துச் சாகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு போன்ற குளிர்ந்த இடத்தில் சேமிப்பு மெதுவாகக் கரையும். புல்லிலும் ஈரம் நீடிக்கும். அதனால் கீழே சமவெளியில் இருப்பதைவிட அதிக நாள் காத்திருக்க முடியும்.

புல்லில் ஏற அதற்குத் தண்ணீர்ப் படலம் வேண்டும். மழைத்துளி, காலைப்பனி எதுவானாலும் சரி. விடிந்ததும் ஆட்டை ஓட்டினால் நனைந்த புல்லோடு புழுவையும் சேர்த்து மேயும். பனி உலர்ந்தபின் ஓட்டினால் அந்த ஆபத்து குறையும். உள்ளே போன புழு சுமார் மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். ஆவணி மழை ஐப்பசியில் ஆட்டைச் சாய்ப்பது இப்படித்தான்.

வறண்ட மாதங்களில்? சில புழுக்கள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு வயிற்றுச் சுவரிலேயே உறங்கும். குட்டி ஈன்ற தாய் ஆட்டுக்கு எதிர்ப்புச் சக்தி தளர்வதால், அதன் புழுக்கையில் முட்டைகள் கூடும்.

கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உள்பக்கம் செக்கச்செவேல் என்றிருந்தால் ஆட்டுக்கு ரத்தம் போதுமான அளவு இருக்கிறது. வெளுத்திருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் பூச்சி மருந்து ஊற்றுங்கள். பட்டி முழுக்க ஒரே நாளில் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சி, அவற்றின் வம்சமே காட்டில் பெருகும். தெம்பாக இருக்கும் ஆடுகளை விட்டுவைத்தால், மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களின் முட்டைகளும் அங்கே விழுந்துகொண்டிருக்கும்.