வீட்டு வரி பில்லுக்கு முன்னால் வரும் வாக்குச்சீட்டு

டாலஸுக்கு வடக்கே, பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கத்துக் குடும்பங்களுக்கு வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். ஜனவரி பிறந்தால் வீட்டு வரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு எல்லாவற்றுக்கும் வீட்டு வரிதான் பெரிய ஆதாரம். ஜனவரி 31க்குள் கட்டிவிட வேண்டும். "சார், இதைக் குறைக்க ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த மாதத்தில் என்னால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. குறைக்க வழி இருந்தது மே மாதத்திலும் நவம்பரிலும், வாக்குச்சாவடியில்.

பில்லில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: வீட்டின் மதிப்பு, அதிலிருந்து கழிக்கும் விலக்கு, மிச்சத்தின் மீது போடும் வரி வீதம். மதிப்பை எதிர்த்து மனுப் போடுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். மே 15க்குள் பக்கத்து வீடுகளின் விற்பனை விலை, அஸ்திவார விரிசலின் புகைப்படம் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோகிறார்கள். மிச்சமாகும் வரியில் பங்கு கொடுத்து நிறுவனங்களை அமர்த்துகிறவர்களும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் விலக்கையும் வீதத்தையும் முடிவு செய்யும் இடத்துக்கு அதே ஆட்கள் போவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

விலக்கு விஷயத்தை முதலில் சொல்கிறேன். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கு எவ்வளவு என்பது டெக்சஸ் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்ற மக்களின் வாக்கு வேண்டும். 2022 மே மாதம் அது 25,000 டாலரிலிருந்து 40,000 ஆனது. 2023 நவம்பரில் 1 லட்சம் ஆனது. 2025 நவம்பரில் 1,40,000 ஆனது. 5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, 100 டாலருக்கு 1 டாலர் பள்ளி வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விலக்கில் 4,750 டாலர் கட்டியிருப்பீர்கள், இப்போது 3,600. வீதம் மாறாமலே 1,150 டாலர் குறைகிறது. 65 வயது நிறைந்த வீட்டு உரிமையாளருக்கு அதே 2025 தேர்தலில் கூடுதல் விலக்கு 10,000 டாலரிலிருந்து 60,000 ஆக உயர்ந்தது. வீட்டில் தங்கியிருக்கும் அப்பா அம்மாவின் வயதைக் காட்டி இதைக் கேட்க முடியாது; பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். விலக்குக்கு இதுவரை விண்ணப்பிக்காதவர்கள் வீட்டின் மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு உடனே படிவம் அனுப்புங்கள். கட்டணம் இல்லை. ஏற்கெனவே விலக்கு வாங்கியவர்களுக்கு உயர்வு தானாகவே வந்துவிடும்.

இந்தத் தொகை வானத்திலிருந்து விழுவதில்லை. பள்ளிகள் இழக்கும் வருமானத்தை மாநில அரசு தன் கஜானாவிலிருந்து ஈடுகட்டுகிறது. அந்தக் கஜானாவுக்கு வரும் வரியில் பெரும்பங்கு நாம் கடையில் கட்டும் விற்பனை வரி. ஆதரித்து வாக்களித்தாலும் எதிர்த்து வாக்களித்தாலும் இந்தக் கணக்கைத் தெரிந்து வாக்களிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் அரசியலமைப்பைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை; நம்மை யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள முறை புதிது. டெக்சஸில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் திருத்தம் நேராக வாக்காளரிடம் வருகிறது. ஆளுநரின் கையெழுத்துகூடத் தேவையில்லை. பாதிக்கு மேல் ஆதரவு விழுந்தால் அது அரசியலமைப்பாகிவிடும். 1876இல் எழுதிய ஆவணம் இப்படி 500 தடவைக்கு மேல் திருத்தப்பட்டிருக்கிறது. சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடுவதால் பெரும்பாலான திருத்தங்கள் அந்த ஆண்டு நவம்பரில்தான் வாக்குக்கு வருகின்றன. ஜனாதிபதி தேர்தல் இல்லை, ஊர்வலம் இல்லை, டிவியில் பரபரப்பு இல்லை. 2023இல் பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 14 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். 14 திருத்தங்களில் 13 நிறைவேறின. நீதிபதிகளின் ஓய்வு வயதை உயர்த்தும் ஒன்றை மட்டும் மக்கள் வேண்டாம் என்று தள்ளினார்கள்.

ஒருமுறை உள்ளே ஏறிய திருத்தத்தை இறக்குவது லேசான காரியமில்லை. தனிநபர் வருமான வரிக்குத் தடை 2019இல் ஏறியது. 2025இல் வந்த 17 திருத்தங்களும் நிறைவேறின. மூலதன ஆதாய வரி, பங்குப் பரிவர்த்தனை வரி, வாரிசுச் சொத்து வரி மூன்றுக்கும் தடை அவற்றில் அடங்கும். இன்று பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் வரி கட்டும் காலத்திலும் இவை இருக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வாக்குச்சீட்டில் ஒவ்வொன்றும் ஒரே நீண்ட வாக்கியமாக வரும், முழு உரை இருக்காது. சாவடியில் நின்றுகொண்டு படித்தால் வக்கீலுக்கே தலைசுற்றும். டெக்சஸ் சட்டமன்றக் கவுன்சில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆதரவு வாதம், எதிர் வாதம் இரண்டையும் வைத்து விளக்கம் வெளியிடுகிறது. அதை வீட்டிலேயே படித்துவிடுங்கள்.

அடுத்தது வீதம். இதை நிர்ணயிப்பவர்கள் ஸ்கூல் போர்டு, நகர மன்றம், கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) கமிஷனர்கள். நகர மன்றம், ஸ்கூல் போர்டு தேர்தல் பல ஊர்களில் மே மாத முதல் சனிக்கிழமை. கட்சிப் பெயர் இருக்காது. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னமில்லாமல் நடப்பது நினைவிருக்குமே, ஏறக்குறைய அப்படி. ஆளைத் தெரிந்துதான் வாக்களிக்க முடியும். 75,000க்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுன்ட்டிகளில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இயக்குநர்களில் மூவரை 2024 மே முதல் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் மதிப்பு மனுவைக் கேட்கும் மறுஆய்வுக் குழுவை நியமிப்பது அந்த இயக்குநர் குழுதான்.

பள்ளிகள் கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்கும் பாண்ட் வாக்கெடுப்பில் 'இது சொத்து வரி உயர்வு' என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கும். 2019 சட்டப்படி வீதம் ஏறாவிட்டாலும் அதை அச்சிட்டே ஆக வேண்டும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். 'வீதம் ஏறாது' என்று பிரசாரத்தில் சொல்வதை வைத்து நிம்மதியடையவும் வேண்டாம். பழைய கடன் அடைந்து வீதம் இறங்க வேண்டிய இடத்தில் புதுக் கடன் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதே பொருள். பாண்ட் பணம் கட்டடத்துக்கும் பேருந்துக்கும் போகும். ஆசிரியர் சம்பளத்துக்குப் போகாது. சம்பளத்துக்காக வரம்பைத் தாண்டி வீதத்தை உயர்த்த வேண்டுமானால் அதற்குத் தனி வாக்கெடுப்பு. 2025 மே மாதம் ஃபிரிஸ்கோவில் கலை அரங்கத்துக்கான இரண்டு யோசனைகளையும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். நகர மக்கள் நினைத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

வாக்காளர் பதிவு விஷயத்தில் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்று இரண்டு கவுன்ட்டிகளில் பரவியிருக்கிறது. அபார்ட்மென்டிலிருந்து அதே ஊரில் சொந்த வீட்டுக்குப் போனாலும் கவுன்ட்டி மாறியிருக்கலாம். ஒரே கவுன்ட்டிக்குள் என்றால் முகவரியை ஆன்லைனில் மாற்றலாம். கவுன்ட்டி மாறினால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஹோம்ஸ்டெட் படிவம் கொடுத்தால் வாக்காளர் பட்டியலில் முகவரி மாறிவிடாது. தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். கிரீன் கார்டிலோ எச்-1பி விசாவிலோ இருப்பவர்கள் எக்காரணத்தைக் கொண்டும் பதிவு செய்யக் கூடாது. லைசென்ஸ் அலுவலகத்தில் 'வாக்காளராகப் பதிய விருப்பமா' என்ற கேள்விக்குக் கவனமில்லாமல் ஆம் என்று குறித்தால் குடியுரிமை விண்ணப்பமே கெட்டுப்போகும், நாடு கடத்தல் வரைக்கும் போகும்.

சாவடிக்குள் செல்போன் எடுத்துப் பார்க்கக் கூடாது. மாதிரி வாக்குச்சீட்டை கவுன்ட்டித் தேர்தல் இணையதளத்திலிருந்து அச்சிட்டு, முடிவுகளைப் பேனாவால் குறித்து, தாளாகக் கொண்டுபோங்கள். போட்டோவுள்ள அடையாள அட்டை வேண்டும். அதில் பழைய முகவரி இருந்தாலும் பரவாயில்லை.

குடியுரிமை பெற்ற வயதான பெற்றோர் ஆங்கிலம் படிக்க வராது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். படிக்க முடியாத வாக்காளர் தனக்கு வேண்டிய ஒருவரை உதவிக்கு அழைத்துப்போகலாம் என்பது நாடு முழுவதற்குமான வாக்குரிமைச் சட்டம். 2014இல் வில்லியம்சன் கவுன்ட்டியில் வங்காளம் பேசும் ஒரு தாயாருக்கு மகன் மொழிபெயர்க்க அனுமதி மறுத்தார்கள். மகன் அந்தக் கவுன்ட்டி வாக்காளர் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அந்த மாநில விதி செல்லாது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரும் கூடப் போகலாம். வேலை கொடுப்பவரும் தொழிற்சங்க நிர்வாகியும் மட்டும் கூடாது. உதவுகிறவர் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டு, பெரியவர் சொன்னதை மட்டும் குறிக்க வேண்டும்.