பின்சுவரில் இருப்பது வெறும் பெயர்

நான் படகு சர்வேயர், படகின் நிலையைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுபவன். பழைய படகை வாங்கிவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிட்டவர், இந்த வருஷத்தில் இது நான்காவது. பொறுமை தீர்ந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஆர்லாண்டோவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். ஐ.டி. வேலை, வார இறுதி ஆனால் தூண்டில் பைத்தியம். "அண்ணா, 80கள்ல கட்டின படகு ஒண்ணு வாங்கிட்டேன். முப்பது சொச்சம் அடி. பெரிய பிராண்டுண்ணா! இன்சூரன்ஸ்காரன் சர்வே ரிப்போர்ட் கேக்குறான். ஒரு மணி நேரம் வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

'வாங்கப் போறேன்' இல்லை, 'வாங்கிட்டேன்'. அந்த இடத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

போனேன். புது பெயின்ட், புது மெத்தை, படகின் பின்சுவரில் தங்க எழுத்தில் பிராண்டு பெயர். இன்ஜின் அறைக்குள் இறங்கி, அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டையான ஸ்ட்ரிஞ்சரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல ஸ்ட்ரிஞ்சர் 'ணங்' என்று பதில் சொல்லும். இது முதல் இரண்டு அடிக்குச் சொன்னது. அப்புறம் 'தொப்'. அதற்கடுத்தும் 'தொப்'. தம்பியிடம் கேட்டுக்கொண்டு அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டேன். டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. டிரில் பிட்டில் ஒட்டி வந்தது மரத்தூள் அல்ல, ஊறிப்போன புளிச்சக்கை மாதிரி ஒன்று. நாற்றமும் சேர்ந்துதான் வந்தது.

"ஆனா இது ஃபைபர் படகுதானேண்ணா?" என்றார்.

ஃபைபர்தான், வெளித்தோல். உள்ளே ஸ்ட்ரிஞ்சரில் மரம், தடுப்புச் சுவரில் பிளைவுட், மேல்தளத்தில் பல படகுகளில் பால்சா என்ற லேசான மரக்கட்டை. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று கேட்காதீர்கள். சரியாக அடைக்காத ஒரு திருகாணி போதும், நாற்பது வருஷம் அதற்குத் தாராளம்.

இந்த அறியாமையை நான் மன்னித்துவிடுவேன். என்னால் தாங்க முடியாதது இன்னொன்று. நான்கு பேரும் வார்த்தை மாறாமல் சொன்னது: "கம்பெனி இன்னும் இருக்கேண்ணா. புதுப் படகெல்லாம் விடுறாங்களே!"

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

பெர்ட்ரம் என்ற படகு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் வரை நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வரைந்த ஆழமான 'வி' அடிவயிறு கொண்ட 'மோப்பி' என்ற மரப்படகில் டிக் பெர்ட்ரம் ஜெயித்தார். அலையை அறைந்துகொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போகும் அடிவயிறு அது. மறு வருஷமே அதே உருவம் ஃபைபரில் 'பெர்ட்ரம் 31' ஆக வந்தது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு நடை நின்றுவிடும், மறைக்கவில்லை. அதன் பிறகு நிறுவனம் கை மாறிக் கை மாறி, 1998இல் இத்தாலியின் ஃபெரெட்டி குழுமத்திடம் போனது. 2015இல் இன்னொரு இத்தாலியக் குடும்பமான காவியோ வாங்கியது. மயாமிப் பட்டறையை விட்டாயிற்று. பிறகு டாம்பாவுக்குப் போனார்கள். புதுப் படகை வரைந்தவர் மைக்கேல் பீட்டர்ஸ். நல்ல படகுதான். ஆனால் உங்கள் 1978ஆம் வருஷத்துப் படகுக்கும் அதற்கும் பெயரைத் தவிர என்ன உறவு?

ஹாட்டரஸ் நிறுவனத்தின் கதையும் இதே. கடலே இல்லாத, மேஜை நாற்காலி செய்து பிழைத்த, வட கரோலினாவின் ஹை பாயின்ட் ஊரில் வில்லிஸ் ஸ்லேன் என்பவர் தொடங்கினார். ஜாக் ஹார்க்ரேவ் வரைந்த 41 அடி ஃபைபர் படகு 1960இல் தண்ணீரில் இறங்கியபோது, அவ்வளவு பெரிய படகை ஃபைபரில் கட்டுவதாவது என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு வாங்கிய நிறுவனங்கள்: ஏ.எம்.எஃப்., ஜென்மார், 2001இல் பிரன்ஸ்விக், 2013இல் ஒரு முதலீட்டு நிறுவனம், 2021இல் தூண்டில் சாமான் விற்கும் பாஸ் ப்ரோ கடைக்காரர்களின் ஒயிட் ரிவர் குழுமம். எத்தனை முதலாளி, எண்ணிக்கொள்ளுங்கள்.

கேபோ என்ற பிராண்டு இன்னும் வேடிக்கை. 1991இல் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் அடெலான்டோ என்ற ஊரில் பிறந்தது. 2006இல் பிரன்ஸ்விக் வாங்கி, நாட்டின் இந்தக் கோடிக்கு, வட கரோலினாவுக்கு இடம் மாற்றியது. சில வருஷத்தில் உற்பத்தியே நின்றது. பிறகு அதே பெயர் திரும்பி வந்தது, பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்கள் தொங்க.

ஒரு நிறுவனம் விற்கப்படும்போது, அதுவும் திவாலாகி விற்கப்படும்போது, வாங்குபவர் பொதுவாகப் பெயரையும் அச்சுகளையும் வாங்குவார். பழைய வாரன்டிகளைத் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார். பழைய வரைபடங்களைப் பத்திரமாக வைத்து, போன் செய்தால் தேடிக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. வரைபடம் வேறு, பொறுப்பு வேறு. ரெசின் என்ற பிசினில் நனைத்த ஃபைபர் துணியை உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழியை விரட்டிய அந்தக் கைகள் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாயிற்று. எங்கள் தூத்துக்குடியில் பழைய தோணி வாங்க வருபவர் முதலில் "ஓடாவி யாரு?" என்றுதான் கேட்பார். ஓடாவி என்றால் தோணி கட்டும் தச்சர். தோணிக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அப்புறம்.

அந்தப் பட்டறைகள் ஏன் சாய்ந்தன என்று கேட்டால், ஒரே வாயாக "சீனா" என்கிறார்கள். இல்லவே இல்லை. 1991இல் அமெரிக்க அரசு ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளில், அந்த மிச்சத் தொகைக்கு 10 சதவீத ஆடம்பர வரி போட்டது. பணக்காரர்கள் வரி கட்டவில்லை, படகு வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனவர்கள் தச்சர்களும் ஃபைபர்காரர்களும். நியூ ஜெர்சியின் வைக்கிங் பட்டறை தன் ஆட்களில் பெரும்பகுதியை இழந்தது. அதை நடத்திய ஹீலி சகோதரர்களில் ஒருவரான பாப் ஹீலி அந்த வரியை எதிர்த்து வாஷிங்டன் வரை போனார். 1993இல் வரி நீங்கியது. போன தச்சர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. அடுத்து 2008இன் பொருளாதாரச் சரிவு. ஜென்மார் 2009இல் திவால், லூர்ஸ் 2012இல். போஸ்ட், ஓஷன் என்ற ஜெர்சிப் பட்டறைகள் இரண்டும் இன்று படகு கட்டுவதில்லை.

கடைசி உதை அவுட்போர்டு கொடுத்தது. யமஹா 2007இல் 350 குதிரைத்திறனில் எட்டு சிலிண்டர் வி8 அவுட்போர்டு கொண்டு வந்தது. 2021இல் மெர்குரி 600 குதிரைத்திறனில். படகின் வயிற்றுக்குள் இரண்டு டீசல் இன்ஜினை உட்கார வைத்த இடத்தில் இன்று பின்னால் நான்கைத் தொங்கவிட்டு, மணிக்கு 50 மைல் ஓட்டி, மார்லின் என்ற பெரிய கடல்மீனைப் பிடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இன்ஜின் கெட்டால் கழற்றி மாட்டலாம், தளத்தை அறுக்க வேண்டாம். 30 முதல் 45 அடி வரையிலான பழைய வகைப் படகு இதில் நசுங்கிவிட்டது. பெரிய பணம் இருப்பவர் 70, 80 அடிக்குப் போகிறார், மற்றவர் நடுவில் நின்று ஓட்டும் திறந்த படகான சென்டர் கன்சோலுக்குப் போகிறார். ஓஷன் இருந்த ஆலையிலேயே இப்போது வைக்கிங் தன் வால்ஹாலா என்ற அவுட்போர்டு படகுகளைக் கட்டுகிறது.

அதனால்தான் பழைய படகு மலிவாகக் கிடைக்கிறது. அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள்.

சரி, ஆசை விடாது. எனக்கும் விடவில்லை. வாங்குவதென்றால் கேளுங்கள்.

முன்பணம் கொடுக்கும்போதே, "சர்வேயும் கடலோட்டமும் திருப்தியானால்தான்" என்று எழுத்தில் வாங்குங்கள். சர்வேயரை நீங்கள் பிடியுங்கள். தரகர் "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார்" என்றால், அவர் அவருடைய ஆள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்காத சர்வே, சட்டையைக் கழற்றாமல் செய்த மருத்துவப் பரிசோதனை. இன்ஜினுக்குத் தனி ஆள் வேண்டும். நான் ஹல்லை, அதாவது படகின் உடலைப் பார்க்கிறவன், 6-71 டெட்ராய்ட் டீசலின் உள்மனது எனக்குத் தெரியாது. இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாகி இருந்தால், யாரோ எதையோ மறைக்கிறார்கள்.

பெட்ரோல் படகென்றால் டேங்க் எதனால் ஆனது என்று கேட்டே ஆக வேண்டும். ஃபைபர் டேங்கோடு வந்த பழைய படகுகள் உண்டு. 2004 வாக்கில் நியூயார்க், கனெக்டிகட் பக்கம் பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்தபோது, அது அந்த டேங்கின் ரெசினையே கரைத்து, கறுப்புப் பிசினாக இன்ஜின் வால்வுகளில் ஒட்ட வைத்தது. அலுமினிய டேங்கை நுரைக்குள் புதைத்திருந்தால் அது வேறு தலைவலி. மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் தளத்தை அறுக்க வேண்டும்.

1972 நவம்பருக்குப் பிறகு கட்டியது என்றால் பின்சுவரின் வலப்பக்க மேல் மூலையில் எழுத்தும் எண்ணுமாக 12 குறி கொண்ட ஹல் எண் இருக்கும். முதல் மூன்று எழுத்து கட்டியவருடையது. தங்க எழுத்தை விட்டுவிட்டு இதைப் படியுங்கள், உரிமைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். பெயர் ஒட்ட ஸ்டிக்கர் கடை போதும். ஒரு முறை நானே பார்த்திருக்கிறேன்: எழுத்து ஒரு பட்டறை, எண் வேறொன்று.

அந்தத் தம்பியின் ஸ்ட்ரிஞ்சரை மாற்ற இரண்டு இன்ஜினையும் வெளியே எடுக்க வேண்டும். யார்டில் சொன்ன தொகை, அவர் படகுக்குக் கொடுத்ததைவிட அதிகம். அவர் மனைவி அன்றைக்குத்தான் முதல் தடவை படகைப் பார்க்க வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, புது மெத்தையில் உட்கார்ந்து தங்க எழுத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

தயவுசெய்து, பணம் கொடுக்கும் முன்னால் கூப்பிடுங்கள். ஐந்து நிமிஷப் பேச்சுக்கு நான் காசு வாங்குவதில்லை. சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் யாருடைய இன்ஜின் அறையிலாவது குப்புறக் கிடப்பேன், போன் எடுக்கக் கை சுத்தமாக இருக்காது.