மிஷனரி: சொல்லின் வேரும் அதற்கு ஏற்ற தமிழும்

மிஷனரி என்றதும், வேற்று நாட்டிலிருந்து வந்து, கிறிஸ்துவை அறியாதவர்களிடம் சமயத்தைப் பரப்புகிற ஒருவரையே பலரும் நினைக்கின்றனர். ஆனால் அந்தப் பெயரால் அழைக்கப்படுபவர்களில் பலர் இன்று ஏற்கெனவே திருச்சபை வேரூன்றியிருக்கும் நாடுகளில் பணியாற்றுகிறார்கள். உள்ளூர்ப் போதகர்களுக்குப் பயிற்சி அளிப்பது, இறையியல் கல்லூரிகளில் கற்பிப்பது, அந்நாட்டு மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்ப்பவர்களுக்குத் துணை நிற்பது, மருத்துவமனைகளில் உழைப்பது ஆகியவை அவர்களுடைய அன்றாட வேலைகள். புதிய சபையைத் தொடங்குவது அவர்கள் நோக்கமன்று. இருக்கிற சபை தன் காலில் நிற்பதற்கு உதவுவதே நோக்கம். இந்தப் பணியையும் மிஷனரி என்ற சொல் தாங்குமா என்பதை அதன் வேரிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

இலத்தீன் மொழியில் ‘மித்தெரே’ என்ற வினைச்சொல்லுக்கு அனுப்புதல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘மிஸ்ஸியோ’. உரோமப் படையில் ஒரு வீரனைப் பணியிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்புவதையும் இச்சொல்லாலேயே குறித்தார்கள். இடைக்கால இறையியலாளர்கள் இதைத் தந்தையாகிய கடவுள் மகனையும் தூய ஆவியையும் உலகுக்கு அனுப்பியதைச் சுட்டப் பயன்படுத்தினார்கள். மனிதர்கள் தொலைநாடுகளுக்குச் சென்று ஆற்றும் பணி என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில், 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையாரின் வழக்கில்தான் வலுப்பெற்றது. திருத்தந்தை எங்கே அனுப்பினாலும் செல்வோம் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட நான்காவது வாக்குறுதி இந்த ‘அனுப்புதலை’ப் பற்றியதே. ஆக, பரப்புதல் என்ற கருத்து சொல்லின் வேரில் இல்லை; ஒருவர் தாமாகப் போகவில்லை, அனுப்பப்பட்டுப் போகிறார் என்பது மட்டுமே வேரில் இருக்கிறது.

கிரேக்கத்தில் இதே பொருளைத் தரும் சொல் ‘அப்போஸ்தொலொஸ்’. அனுப்புதல் என்ற வினையிலிருந்து வந்த இதற்கு அனுப்பப்பட்டவர் என்பது நேர்ப்பொருள். தமிழில் சீர்திருத்தச் சபையார் இதை அப்போஸ்தலன் என்று ஒலிபெயர்த்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் இப்போது திருத்தூதர் என்கிறார்கள். பொருளளவில் அப்போஸ்தலனும் மிஷனரியும் ஒரே சொல்லின் இரு மொழி வடிவங்கள் என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர் கவனித்ததில்லை. ஒன்று இயேசுவின் பன்னிரு சீடருக்கும் பவுலுக்கும் உரிய புனிதப் பெயராகவும், மற்றொன்று வெள்ளைக்காரப் பாதிரியாரின் பெயராகவும் பிரிந்து போனதே அதற்குக் காரணம்.

அப்படி அனுப்பப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? அந்தியோகியா சபை பர்னபாவையும், பவுல் என்றும் அழைக்கப்பட்ட சவுலையும் அனுப்பியதை வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில், லீஸ்திராவில் கல்லெறிபட்டுச் செத்தவன் என்று விட்டுவிடப்பட்ட பவுல், தெர்பைக்குப் போய்விட்டு அதே லீஸ்திராவுக்கும் இக்கோனியாவுக்கும் திரும்பி வருகிறார். சீடர்களின் மனத்தைத் திடப்படுத்தி, சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்துவதற்காகவே அந்தப் பயணம். 15-ஆம் அதிகாரத்தின் முடிவில் சீரியாவிலும் சிலிசியாவிலும் சபைகளைத் திடப்படுத்தினார் என்று மீண்டும் வருகிறது. இங்கே கிரேக்க மூலத்தில் உள்ள ‘எபிஸ்டெரீட்ஸோ’ என்ற வினைக்கு, ஏற்கெனவே நிற்பதை மேலும் உறுதியாக நிற்கச் செய்தல் என்று பொருள் கொள்ளலாம். அயல்நாட்டுச் சபைகளுக்குத் துணைசெய்யும் இன்றைய பணிக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. திடப்படுத்துகிறவரே திடம் பெறுகிறார் என்பதும் அதில் அடக்கம். உரோமைச் சபைக்கு எழுதும்போது, நீங்கள் ஸ்திரப்பட வேண்டும் என்று சொன்ன பவுல் உடனே, உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைய வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த இளம் சபைகள் தாய்ச்சபையாகிய எருசலேமின் ஏழைகளுக்குப் பொருள் திரட்டி அனுப்பியதையும் அதே நிருபம் பதிவு செய்கிறது. உதவி ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை.

இந்தப் பொருள் பின்னாளில் மங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் மிஷன் என்பது பணியின் பெயராக இருந்து நிறுவனத்தின் பெயராக மாறியது. மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் பங்களா என்று தமிழிலும் அது கட்டடங்களோடு ஒட்டிக்கொண்டது. பணமும் முடிவெடுக்கும் அதிகாரமும் அனுப்பிய நாட்டிலேயே இருந்தன. இதன் ஆபத்தை முதலில் உணர்ந்தவர்கள் மிஷன் சங்கங்களின் உள்ளேயே இருந்தார்கள். இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென்னும், அமெரிக்காவில் மிஷன் சங்கச் செயலாளராக இருந்த ரூபஸ் ஆண்டர்சனும், ஒரு சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தன் செய்தியைத் தானே எடுத்துச் செல்ல வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். உள்ளூர்ச் சபை முதிர்ந்ததும் மிஷன் விலகிக்கொள்வதை வென் ‘மிஷனின் நல்மரணம்’ என்று அழைத்தார். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பது போன்றது அது. சாரத்தையே கட்டடம் என்று எண்ணிக்கொண்டவர்கள் அதைப் பிரிக்க மறுத்தார்கள் என்பதுதான் பிறகு நடந்த வரலாற்றின் பெரும்பகுதி.

அதை நேருக்கு நேர் சொன்னவர் ஒரு தமிழர். திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்படக் காரணமானவர்களில் ஒருவரும், 1912-இல் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கலின் பேராயரானவருமான வே. ச. அசரியா, 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசி முடித்தார். 1971-இல் கென்யாவின் திருச்சபைத் தலைவர் ஜான் காட்டு, வெளிநாட்டு மிஷனரிகளும் பணமும் சில காலம் வராமலிருக்கட்டும் என்று கேட்டபோது, அதே மனக்குறை இன்னும் கடுமையான வடிவில் வெளிப்பட்டது. இருவரும் வேண்டாம் என்றது உறவை அன்று. உறவைப் போல் தோன்றிய சார்புநிலையை.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். வழக்கில் பல சொற்கள் உண்டு. ‘மறைபரப்பாளர்’ என்பது பரப்புதலை மட்டும் சொல்கிறது; ஏற்கெனவே விசுவாசிகளாக இருப்பவர்களோடு உழைப்பவரை அது விட்டுவிடுகிறது. ‘நற்செய்திப் பணியாளர்’ என்பது சொந்த ஊரிலேயே நற்செய்தி அறிவிப்பவருக்கும் பொருந்துவதால், அனுப்பப்படுதல் என்ற கூறு காணாமற்போகிறது. ‘அருட்பணியாளர்’ அழகான சொல். ஆனால் பங்கிலேயே தங்கிப் பணிபுரியும் குருவையும் ஆயரையும் குறிக்க அது நிலைத்துவிட்டது. ‘ஊழியர்’ என்பது எல்லாப் பணிக்கும் பொது.

என் தேர்வு ‘தூதுப்பணியாளர்’. தூது தமிழில் பழமையான சொல். திருக்குறளில் தனி அதிகாரமே பெற்றது. அதன் முதற்குறள் தூதுரைப்பவருக்கு வேண்டிய பண்புகளை அடுக்கும்போது அன்புடைமையையே முதலில் வைக்கிறது. அசரியா எடின்பரோவில் கேட்டதும் அதைத்தான். தூது என்றாலே அனுப்பியவர், அனுப்பப்பட்டவர், பெறுகிறவர் என்ற மூவரும் அதில் அடங்குகிறார்கள். ‘பணி’ என்பதோ தாழ்ந்து வணங்குதலாகிய பணிதலோடு உறவுடையது; ஆள வந்தவர் என்ற நிழலை அது அகற்றுகிறது. தூதர் என்று மட்டும் சொன்னால் வானதூதரையோ அரசுத் தூதரையோ குறிக்கக்கூடும் என்பதால் ‘பணி’ என்ற பின்னொட்டு இன்றியமையாதது.

அயல்நாட்டுச் சபைகளுக்கு வலுவூட்டும் குறிப்பான வேலையைச் சொல்ல வேண்டிய இடத்தில், ‘சபைகளைத் திடப்படுத்தும் தூதுப்பணி’ என எழுதலாம். ‘திடம்’ வடமொழி வழி வந்தது என்று தயங்குபவர்கள் ‘உறுதிப்படுத்தும்’ என்று மாற்றிக்கொள்ளலாம். வேதாகம வாசகர்களுக்குப் பழகிய சொல் என்பதால் நான் முன்னதையே விரும்புகிறேன். ‘சபைகளை வளர்க்கும்’ என்றோ ‘சபைகளுக்கு உதவும்’ என்றோ எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. முன்னது வளர்ப்பவரைப் பெற்றோராக்கிச் சபையைக் குழந்தையாக்குகிறது. பின்னது கொடுப்பவரையும் வாங்குபவரையும் நிரந்தரமாகப் பிரித்துவிடுகிறது. சங்கங்களின் பழைய பெயர்களில் உள்ள மிஷன், மிஷனெரி என்ற வடிவங்களை மட்டும் மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். அவை சிறப்புப் பெயர்கள்.