பேரியாட்ரிக்: பாரமும் பருமனும்

பதினைந்து வயதுப் பிள்ளையின் மருத்துவச் சீட்டில் ‘பேரியாட்ரிக் சர்ஜரி’ என்று எழுதியிருந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘கொழுப்பை வெட்டி எடுப்பார்களா?’ என்பதுதான். இல்லை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் வேறு. எடையைக் குறைக்க இங்கே கைவைப்பது இரைப்பையில், சில முறைகளில் சிறுகுடலிலும்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘பாரோஸ்’ என்றால் எடை, ‘இயாட்ரோஸ்’ என்றால் மருத்துவர். பாரோமீட்டரில் இருப்பதும் அதே பாரோஸ்தான். பீடியாட்ரிக், சைக்கியாட்ரி ஆகியவற்றின் வாலில் ஒட்டியிருப்பது இயாட்ரோஸ். இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது 1960-களில். ‘பாரோஸ் நம்ம பாரம்தானே!’ என்று துள்ள வேண்டாம். பாரம், ‘சுமத்தல்’ என்ற பொருளுள்ள வடமொழி வேரில் பிறந்தது. பாரோஸுக்கு உண்மையான பங்காளி ‘குரு’. கனமானது என்பதே அச்சொல்லின் பழைய பொருள்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கொழுப்பு அறுவை’ என்பது செய்தியாகவே தப்பு. போதாக்குறைக்கு, நம் பேச்சில் கொழுப்பு என்றால் திமிர். ஏற்கெனவே கேலியில் நொந்த பிள்ளையின் சிகிச்சைக்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை’ எல்லோருக்கும் உடனே புரியும், ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. எடை அதிகம் இறங்கும் முன்பே பலருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. அதனால்தான் இந்தத் துறையின் அமெரிக்க மருத்துவர் சங்கம் 2007-இல் தன் பெயரிலேயே ‘மெட்டபாலிக்’ (வளர்சிதை மாற்றம் சார்ந்த) என்பதைச் சேர்த்துக்கொண்டது.

என் ஓட்டு ‘உடல் பருமன் அறுவை சிகிச்சை’க்கு. உடல் பருத்தவரைக் குறிக்கும் ஒபீஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘தின்று கொழுத்த’ என்று பொருள், சொல்லுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு. பருமன் அப்படியில்லை. கயிற்றின் பருமன், மரத்தின் பருமன் என்பதுபோல அளவை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். வள்ளுவர் யானையைப் ‘பரியது’ என்றதும் இதே குடும்பம். இலங்கையில் அறுவை சிகிச்சையைச் சத்திர சிகிச்சை என்பார்கள். தனித்தமிழ் விரும்புவோர் ‘பருமன் பண்டுவம்’ எனலாம் (பண்டுவம் என்றால் சிகிச்சை), சுருக்கமாகவும் இருக்கிறது.

‘ஸ்லீவ்’ என்பது இதில் பரவலான ஒரு முறை. இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நீக்க, மிச்சம் சட்டைக்கை போல ஒடுங்கிய குழாயாக நிற்கும். பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு பெரும்பாலும் வெட்டிய பகுதியில்தான் இருக்கிறது, ஆகவே பசியும் குறைகிறது. ‘குழல் இரைப்பை அறுவை’ என்றால் படம் மனதில் வந்துவிடும். அப்புறம் வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரைகள் உண்டு, அதைப் பெயர் சொல்லாது.

பதினைந்து வயதுப் பிள்ளையை ஆங்கிலத்தில் அடலசன்ட் என்பார்கள். அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: வளரிளம் பருவத்தினர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது. ‘வளரிளம்’ வினைத்தொகை: வளர்ந்த, வளர்கின்ற, வளரும் மூன்றும் அதில் அடக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023-இல், கடும் பருமன் உள்ள, 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை இந்த அறுவைக்கான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்றது. பெரியவர்களுக்குப் போல உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் ஒற்றை பிஎம்ஐ எண்ணை மட்டும் பார்த்து அங்கே முடிவெடுப்பதில்லை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பு அல்லவா.