குப்பைத் தொட்டிக்கு வெகு முன்பே தொடங்க வேண்டிய பாடம்

கழிவு மேலாண்மை பற்றிப் பேசப் பள்ளிகள் என்னை அழைக்கும்போது, நிகழ்ச்சி நிரலில் இரண்டு போட்டிகள் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும். ஒன்று ஓவியப் போட்டி. மற்றொன்று, வீணான பொருளிலிருந்து கைவினைப் பொருள் செய்யும் போட்டி. ஓவியப் போட்டியால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. அழுகிற பூமி, பக்கத்தில் ஒரு பச்சை மரம், கீழே ஒரு முழக்கம். மறுநாள் அந்த அட்டைகளும் குப்பைக்குப் போகும், அவ்வளவுதான். என்னை உறுத்துவது கைவினைப் போட்டி. காலி பாட்டில் கிடைக்காத பிள்ளைக்காக, பெற்றோர் முதல் நாள் இரவு புது பாட்டில் ஒன்றை வாங்கி, உள்ளே இருப்பதை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பசையும் பெயின்டும் மினுமினுப்புத் தூளும் பூசி அனுப்புகிறார்கள். வெறும் பாட்டிலாக இருந்தவரை மறுசுழற்சி ஆலையில் அதற்கு ஓர் இடம் இருந்தது. பெயின்ட் ஏறிய பிறகு எந்த ஆலையும் அதை விரும்பி வாங்காது. சில வாரங்கள் பேனாக் குவளையாக மேசையில் இருந்துவிட்டு அது நேரே குப்பைமேட்டுக்குப் போகிறது.

எந்த வகுப்பு அதிக பாட்டில்களைச் சேர்க்கிறது என்று நடத்தும் போட்டியும் இதே ரகம்தான். அதிகமாக வாங்கிய வகுப்புக்குப் பரிசு கொடுத்துவிட்டுக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் துறையில் ஒரு வரிசை உண்டு. முதலில் கழிவு உண்டாகாமல் தவிர்ப்பது, அடுத்து இருப்பதையே திரும்பப் பயன்படுத்துவது, அதன்பிறகே மறுசுழற்சி. எரிப்பதும் புதைப்பதும் கடைசி. பள்ளிகள் மூன்றாவது படியில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. காரணம் எளிது. மறுசுழற்சிக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வாங்குவதை வாங்கிக்கொண்டே இருக்கலாம், வண்ணத் தொட்டி மட்டும் மாறினால் போதும். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1950 முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் கழிவாகிவிட்டது சுமார் 630 கோடி டன். அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம்தான். இந்த எண்ணை எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்கிறேன். தொட்டியில் சரியாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு அவர்களை வெளியே அனுப்புவது நியாயமாக எனக்குப் படவில்லை.

அப்படியென்றால் எங்கிருந்து தொடங்குவது? தராசிலிருந்து.

பள்ளியின் ஒரு நாள் குப்பையை ஒரு தார்ப்பாயில் கொட்டுங்கள். கழிப்பறைத் தொட்டிகளை இதில் சேர்க்கக் கூடாது. உடைந்த கண்ணாடி, பிளேடு போன்றவற்றைப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கையுறையும் இடுக்கியும் கொடுத்து வகை பிரிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: எந்த வகை அதிகமாக இருக்கும்? எல்லாரும் பிளாஸ்டிக் என்பார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், ஏனென்றால் பாட்டிலும் உறையும் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. கொக்கித் தராசில் ஒவ்வொரு பையாக மாட்டும்போது, பெரும்பாலான பள்ளிகளில் முந்துவது உணவு மிச்சமும் காகிதமும்தான். தாங்கள் போட்ட குப்பை தங்கள் கணிப்பையே பொய்யாக்குவதைப் பார்க்கிற பிள்ளை, அதன்பிறகு முழக்கங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்குகிறது. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கும். மொத்த எடையை மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இத்தனை கிராம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் கணக்கு வகுப்பும் அங்கேயே முடிந்துவிடும்.

வகை பிரிக்கும்போது தவறாமல் சண்டை வருவது வெள்ளி நிறத்தில் பளபளக்கும் தின்பண்ட உறைக்காகத்தான். பாதிப் பேர் அதை உலோகக் குவியலில் போடுவார்கள், மீதிப் பேர் பிடுங்கி பிளாஸ்டிக் குவியலில் போடுவார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு துண்டு அலுமினியத் தாளையும் அந்த உறையையும் கொடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் கசக்கிப் பிறகு கையைத் திறக்கச் சொல்வேன். தாள் கசங்கிய உருண்டையாகவே இருக்கும். உறை சரசரவென்று மெல்ல விரிந்துகொள்ளும். அது பிளாஸ்டிக்தான், மேலே படிந்திருக்கும் அலுமினியத்தின் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இராது. காற்றும் ஈரமும் ஒளியும் உள்ளே புகுந்து தின்பண்டம் நமத்துப்போகாமல் காக்க அது வேண்டும். அந்தப் படலத்தைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிரித்தெடுக்க ஆகும் செலவுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இவ்வளவையும் விளக்கிய பிறகு பின்வரிசையிலிருந்து யாராவது கேட்பார்கள்: “அப்படியானால் இதை எந்தத் தொட்டியில் போடுவது?” இதற்கான தொட்டி இங்கே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பதிலுக்குப் பிறகு வகுப்பில் எழும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். இதை ஏன் இப்படிச் செய்தார்கள்? இதை நாம் ஏன் உள்ளே கொண்டுவந்தோம்? நான் வகுப்புக்கு வருவதே இந்தக் கேள்விகளுக்காகத்தான்.

பொருளைக் கையால் தொட்டு அறியும் சோதனைகள் இன்னும் சில உண்டு. ஒரு வாளித் தண்ணீரில் பாட்டிலிலிருந்து வெட்டிய துண்டுகளையும் அதன் மூடியிலிருந்து வெட்டிய துண்டுகளையும் போட்டு, குமிழி ஒட்டாமல் இருக்கக் கலக்கிவிடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 1.38. மூடி செய்யும் பாலிஎதிலினும் பாலிபுரோப்பிலினும் தண்ணீரைவிட லேசானவை. ஆலைகளும் பாட்டிலை மூடியோடு அரைத்து, தண்ணீர்த் தொட்டியில் இப்படித்தான் பிரிக்கின்றன. வாளிக்குள் ஓர் ஆலையைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு, ஒரே உறையில் இரண்டு மூன்று பொருள்கள் ஒட்டிக்கிடந்தால் ஏன் தொல்லை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. காந்தம் இருந்தால் இரும்பு டப்பாவையும் அலுமினிய டப்பாவையும் பிரித்துக் காட்டலாம். தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்குவதில் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது. மறுசுழற்சி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்து அந்த முக்கோணம். மூன்று அம்புக்குறி உள்ள பொருள் எல்லாமே மறுசுழற்சி ஆகும் என்று ஆசிரியர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சின்னத்தை 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். அது காகிதத்துக்காக உருவானது. பிளாஸ்டிக் பொருள்களில் அம்புகளுக்கு நடுவே 1 முதல் 7 வரை எண் போடும் முறை, அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் 1988இல் கொண்டுவந்தது. இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. உங்கள் பகுதியில் அதை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்பதைச் சொல்வதில்லை. குழப்பம் தீரட்டும் என்று 2013இல் அம்புகளுக்குப் பதிலாக வெறும் முக்கோணம் போதும் என்று தரவிதியை மாற்றினார்கள். பழைய வார்ப்புகளில் அம்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இனி, பிள்ளைகளைவிடப் பெரியவர்களைச் சங்கடப்படுத்தும் பகுதி. காகிதக் குவியலை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்க்கச் சொல்வேன். குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட சுற்றறிக்கையும் வினாத்தாளும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும் இருப்பதைப் பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன். தலைமையாசிரியர்கள் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். காகித இழை ஒவ்வொரு முறை கூழாகும்போதும் குட்டையாகிறது. பொதுவாக ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது. அச்சுப்பொறியில் இருபக்க அச்சை இயல்பான அமைப்பாக மாற்றிவைப்பது ஒரு நிமிட வேலை. அதைப் பிள்ளைகள் செய்ய முடியாது, அலுவலகம்தான் செய்ய வேண்டும்.

உணவு மிச்சமும் அப்படியே. தட்டில் வீணாக்காதே என்று சுவரில் எழுதிவைக்கிறோம். ஆனால் சாப்பிட்டு முடித்தால்தான் விளையாடப் போகலாம் என்றால், பசிக்காத பிள்ளையும் விளையாட்டு நினைப்பில் இருக்கும் பிள்ளையும் பாதியில் கொட்டிவிட்டு ஓடத்தான் செய்யும். விளையாட்டு இடைவேளையை உணவுக்கு முன்னால் மாற்றிய பள்ளிகளில் தட்டில் மிஞ்சுவது குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறிவுரை ஏதும் சொல்லவில்லை, கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை இடம் மாற்றினார்கள். பள்ளிக் குப்பையில் கணிசமான பங்கு பிள்ளைகளின் ஒழுங்கீனத்தால் வருவதல்ல. எதை வாங்குவது, எதை அச்சிடுவது, எப்போது மணி அடிப்பது என்று பெரியவர்கள் எடுக்கும் முடிவுகளால் வருவது. அந்த முடிவுகளைத் தொட்டுப்பார்க்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விழிப்புணர்வு மட்டும் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தராசுக் கணக்கை எழுதிக்கொண்டுபோய் நிர்வாகத்திடம் கொடுக்கும் குழுவில் மாணவர்கள் இருக்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

தொட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வகைத் தொட்டிகளை எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனியாக நிற்கும் தொட்டியில் எல்லாம் விழும். மேலே எழுத்தைவிட, அந்தப் பள்ளியில் உண்மையில் விழும் பொருள்களின் படத்தை ஒட்டுவது மேல். காகிதத்துக்கு ஒடுங்கிய நீள்துளை, பாட்டிலுக்கு வட்டத் துளை என்று மூடியை வெட்டிவைத்தால் கை தானாகவே ஒரு நொடி தயங்கும்.

ஆனால் இவற்றையெல்லாம் வாங்குவதற்கு முன் பேச வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார்: பள்ளியின் தூய்மைப் பணியாளர். பிரித்துப் போட்ட இரண்டு தொட்டிகளையும் மாலையில் அவர் ஒரே மூட்டையில் கவிழ்ப்பதை ஒரு பிள்ளை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அந்த ஆண்டு முழுக்க நீங்கள் சொன்னது எல்லாம் வீண். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரித்ததை வாங்கிப்போக வெளியே ஏற்பாடு இல்லாதபோது அவர் மட்டும் என்ன செய்வார்? எது எங்கே போகிறது, எந்த நாளில் வண்டி வருகிறது, எந்த வகுப்பு ஈரத்தையும் காகிதத்தையும் சேர்த்துப் போடுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு வகுப்பு நேரத்தை அவருக்குக் கொடுத்துப் பேசச் சொன்னால் என்னுடைய படக்காட்சியைவிட நன்றாகவே இருக்கிறது. படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய் என்ற வசவையும், தாமதமாக வந்தவனை மைதானத்தில் காகிதம் பொறுக்கவைக்கும் தண்டனையையும் அதே வளாகத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

மட்கும் கழிவுக்கு உரத்தொட்டி வைக்கலாம், அதற்கு ஒரு பொறுப்பாளர் இருந்தால் மட்டும். ஈரக்கழிவோடு காய்ந்த சருகையும் கிழித்த அட்டையையும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்பது புத்தகக் கணக்கு. நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று பொருள். சருகு போட்டுக் கிளறினால் அடங்கும். விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்யாத தொட்டிகள்தான் புழு நெளியக் கைவிடப்படுகின்றன.

வயது பார்த்துப் பேசுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆமை மூக்கில் உறிஞ்சுகுழல் சிக்கிய காட்சி தேவையில்லை. பயந்துபோன குழந்தை எதையும் கற்றுக்கொள்வதில்லை. அவர்களுக்குப் பிரிப்பதும் எண்ணுவதும் போதும். பழைய பேட்டரி சேகரிப்பையும் தொடக்கப் பள்ளிகளில் வேண்டவே வேண்டாம் என்பேன். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். மேல்வகுப்பு மாணவர்கள் தயாரிப்பாளருக்கே கடிதம் எழுதலாம். உறையைச் செய்தவருக்கே அதன் முடிவிலும் பொறுப்பு உண்டு என்ற கருத்தை 1990இல் ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்குவிஸ்ட் முன்வைத்தார். இன்று பல நாடுகளில் அது சட்டமாகியிருக்கிறது. தார்ப்பாயில் கிடைத்த உறைகளை எண்ணி, எடை போட்டு, எந்த நிறுவனத்தின் உறை எத்தனை என்று பட்டியலோடு அனுப்பும் கடிதத்துக்கு மழுப்பலான பதில் வந்தாலும் வகுப்பில் விவாதிக்க ஒரு வாரத்துக்குப் பொருள் கிடைக்கும்.

மறுபடி எடை போடும் நாளைப் பற்றி ஒரு குறிப்பு. முதலில் போட்ட அதே கிழமையில் போடுங்கள். தேர்வு வாரத்தையும் விழா நாளையும் தவிருங்கள். மழை நாளில் நனைந்த காகிதம் எடையை ஏற்றிக் காட்டும். எண் குறையாவிட்டால் அதையும் அப்படியே பலகையில் எழுதச் சொல்லுங்கள், அழகுபடுத்த வேண்டாம். எந்தக் குவியல் அசையவில்லை என்று பார்த்து, அடுத்த பருவத்துக்கு அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பள்ளிக்குள் எந்த வழியாக வருகிறது என்று பின்னோக்கித் தேடட்டும்.